கிர்க்கீயில் வாழ்ந்த விமானி

காவிரியின் வடகரையில், மோகனூருக்கு அருகே, எங்கள் உறவினர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997ஆம் ஆண்டில். நான் சொல்ல வருவது அதற்குப் பத்தாண்டுகளுக்கு முற்பட்ட செய்தி. அன்று அந்த நிலம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அத்தோப்பில் மரமேறித் தேங்காய் பறித்துவந்தவரைப் பிள்ளைகளாகிய நாங்கள் 'அண்ணா' என்றே அழைப்போம். காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாளுமாக அவர் ஏறுவதைக் கண்டால், மரம் ஏறுவது மாடிப்படி ஏறுவதினும் எளிது என்று தோன்றும். மழை பெய்து ஓய்ந்த ஒரு நாட்காலையில் அவர் பாதி மரத்திலிருந்து விழுந்துவிட்டார். உடம்பில் இரத்தக் காயம் இல்லை. பேச்சும் தெளிவாகவே இருந்தது. "என் காலைக் காணோம், என் காலைக் காணோம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் அவர் கண்ணெதிரே நீண்டு கிடந்தன.

நால்வர் அவருடைய தோளையும் காலையும் பற்றித் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினர். கட்டிலோடு வண்டியில் ஏற்றினர். முதுகெலும்பு முறிந்தவரை அவ்வாறு தூக்கலாகாது என்பதை அந்த நால்வரில் எவரும் அறியார். அறிவதற்கு வழியும் இருந்ததில்லை. நகரத்து மருத்துவமனை ஒன்றில் சில வாரம் இருந்தார். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டனர். விழுந்த ஒன்பதாம் மாதத்தில் இறந்துபோனார். மரம் அவரைக் கொல்லவில்லை; முதுகிலும் இடுப்பிலும் உண்டாகி எலும்பு வரை ஆழ்ந்த புண்களே கொன்றன. இது எனக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்து, அவரைப் போலவே, அவரினும் கொடிதாக, அடிபட்ட ஒரு படை அதிகாரியின் வரலாற்றைப் படித்தபோதுதான்.

அந்த அதிகாரியின் பெயர் எம். பி. அனில் குமார், இந்திய விமானப் படையில் பிளையிங் ஆபீசர் பதவி வகித்தவர். கேரள நாட்டில் திருவனந்தபுரத்தை அடுத்த சிறயின்கீழ் என்னும் ஊரில் 1964ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் பிறந்தார். கழக்கூட்டத்திலுள்ள சைனிக் பள்ளியில் பயின்றார். 1962ஆம் ஆண்டில் கேரளத்துக்குக் கழக்கூட்டத்திலும், தமிழ்நாட்டுக்கு உடுமலைப்பேட்டைக்கு அப்பால் அமராவதி நகரிலும் இத்தகைய பள்ளிகள் திறக்கப்பெற்றன. படை அதிகாரிகளாக வரவேண்டிய சிறுவர்களை இளமையிலேயே பழக்குவது அவற்றின் நோக்கம். அனில் குமார் அங்கிருந்து புனேக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லாவுக்குச் சென்று, தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயிற்சி பெற்று, 1984இன் இறுதியில் விமானப் படையில் அதிகாரியானார். அவர் ஓட்டியது மிக்-21 என்னும் போர்விமானம். ஒலியைப் போல் இருமடங்கு விரைவிற் செல்லவல்லது அது. அறுபதாண்டுக்கு மேல் நம் படையிற் பணிபுரிந்து, 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. அதனை ஓட்டுவோர்க்குக் கையும் காலும் கண்ணும் ஒரே கணத்தில் ஒன்றுபட்டு இயங்கவேண்டும்.

1988ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் இரவு, பஞ்சாபில் பதான்கோட் விமானத் தளத்தில், அவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். தளத்துக்குள் பாதையை மறித்திருந்த தடுப்புக் கட்டையில் மோதினார். தலைக்கவசம் தலையைக் காத்தது, கழுத்து முறிந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு. கழுத்துக்குக் கீழே எந்த உறுப்பும் அன்று முதல் அவர் ஏவலைக் கேட்கவில்லை.

எங்கள் தோப்பில் விழுந்தவருக்குக் கால்கள் மட்டுமே போயின, கைகள் இருந்தன. அனில் குமாருக்கு நான்கும் போயின. எனினும் முன்னவர் ஒன்பது மாதம் இருந்தார். பின்னவர் ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். அனில் குமாரைப் பற்றி எழுதியவர்களிற் பலர் அவருடைய மனவலிமையை வியந்து போற்றுகின்றனர். வியக்கத்தக்கதே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் அண்ணாவின் மனவலிமை குறைந்ததென்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். நாள்தோறும் முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கியவர் அவர். ஆகவே இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டியிருக்கிறது.

மாணவ நண்பர்களே, தண்டுவடம் என்பது மூளையின் வால் போன்றது. விரற்கனமே உள்ள அந்த நரம்புக் கற்றை முதுகெலும்பின் துளைவழியே இறங்குகிறது. மூளையின் கட்டளை உறுப்புகளுக்குச் செல்வதும், உறுப்புகளின் உணர்ச்சி மூளைக்கு வருவதும் அதன் வழியே. முதுகின் நடுவில் அது அறுபட்டால் கால்கள் போகும். கழுத்தில் அறுபட்டால் கைகளும் போகும். அறுந்த தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் மருந்தோ அறுவையோ இன்றளவும் இல்லை. ஆயினும் அந்த அறுவினால் மட்டும் மனிதன் இறப்பதில்லை. உணர்ச்சி போய்விடுகிறதே, அதனால் வருவதே பெருங்கேடு. நாம் உறங்கும்போது நம்மை அறியாமலே இரவில் எத்தனையோ முறை புரண்டு படுக்கிறோம். ஒரே பக்கம் அழுந்தினால் உடம்பு நோகிறது. நோவு நம்மைப் புரட்டிவிடுகிறது. நோவறியாத உடம்பு புரளுவதில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்கிய தோலில் குருதி ஓடாது. சில மணி நேரத்தில் அத்தோல் செத்துவிடும். அதுவே படுக்கைப் புண். அவ்வாறே சிறுநீர் தானே வெளியேறாமல் தேங்கிச் சீழ்பிடிக்கும். நாளடைவில் சிறுநீரகம் கெடும். இவ்விரண்டாலுமே தண்டுவடம் அறுந்தவர்கள் உலகெங்கும் மாண்டார்கள்.

மருத்துவ வரலாற்றில் இதற்கு நெடுங்காலம் மாற்று இருந்ததில்லை. எகிப்து நாட்டில் ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற பாப்பிரஸ் ஏடு ஒன்றிலேயே கழுத்து முறிந்து கைகால் உணர்விழந்தவனைப் பற்றிய குறிப்பு உள்ளது. இது மருத்துவம் செய்யத்தக்க நோயன்று என்பதே அதை எழுதிய வைத்தியரின் முடிவு. முதல் உலகப் போரிலும் நிலைமை அதுவே. முதுகில் குண்டு பட்ட வீரர்களிற் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர்.

இந்நிலையை மாற்றியவர் லுட்விக் குட்மன் என்னும் நரம்பியல் மருத்துவர். ஜெர்மனியில் பிறந்த யூதர்; நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தை அடைந்தவர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்னும் இடத்து மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்ற வீரர்களுக்கென ஒரு பிரிவை அவரிடம் ஒப்படைத்தனர். அவர் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, பகலென்றும் இரவென்றும் பாராமல், ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்றார். நடுநிசியில் தாமே வார்டுக்கு வந்து, புரட்டுகிறார்களா என்று பார்ப்பாராம். தூய்மையான முறையில் சிறுநீரை வெளியேற்ற ஏற்பாடு செய்தார். உயிர் நிலைத்தபின் மரவேலையும் கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலும் கற்பித்தார், விளையாட்டிலும் ஈடுபடுத்தினார். 1948 ஜூலை 29ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு முன்னாள் படையினர், ஆணும் பெண்ணுமாக, ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் வில்வித்தைப் போட்டி நடத்தினர். இன்றைய பாராலிம்பிக் விழாவின் தொடக்கம் அதுவே.

இந்த அறிவு நம் நாட்டுக்கு வந்ததும் போர்களின் வழியாகத்தான். 1965ஆம் ஆண்டில் மேஜர் அலுவாலியா என்னும் இளம் அதிகாரி மே மாதம் 29ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றார். அவ்வாண்டிலேயே நிகழ்ந்த பாகிஸ்தான் போரில் குண்டு பட்டு நடையிழந்தார். அவருக்கு மருத்துவம் ஸ்டோக் மாண்டவிலில் நடந்தது. திரும்பி வந்தவர், அத்தகைய மருத்துவமனை நம் நாட்டு மக்களுக்கும் வேண்டுமென்று பல்லாண்டு உழைத்து, டில்லியில் இந்தியத் தண்டுவடக் காய மையத்தை நிறுவினார். 2022 ஜனவரியில் அவர் காலமானார். அதே 1965 போரில் முடமான படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஐம்பது மீட்டர் நீச்சலில் வென்று, பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தங்கப் பதக்கம் பெற்றுத்தந்தார். 1971 போர் மேலும் பலரைப் படுக்கையில் தள்ளியது. அவர்கள் வாழ்நாள் முழுதும் தங்குவதற்கென்றே புனே நகரின் கிர்க்கீ பகுதியில் 1974இல் ஓர் இல்லம் எழுந்தது.

அனில் குமார் கிர்க்கீ இராணுவ மருத்துவமனையில் ஏறத்தாழ ஈராண்டு இருந்தார். 1990இல் படையிலிருந்து ஓய்வளிக்கப்பெற்று அந்த இல்லத்தில் குடியேறினார். கடக்வாஸ்லாவும் கிர்க்கீயும் ஒரே புனே நகரின் இரு புறங்கள். அங்கே ஓடியும் தாவியும் பயின்ற இளைஞர், இங்கே பிறர் தூக்கி அமர்த்தினாலன்றி அமர இயலாதவராக வந்து சேர்ந்தார்.

பேனாவை வாயிற் கவ்வி எழுதிப் பார்க்குமாறு அவரைத் தூண்டினார்கள். இதைக் கேட்கும் மாணவர்கள் வீட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள். பேனாவைப் பல்லால் இறுக்கினால் தாடை வலிக்கும், எச்சில் வடியும், தாளும் கண்ணும் மிக நெருங்கிவிடுவதால் எழுதுவது தெரியாது, கழுத்தை அசைத்துத்தான் எழுத்தின் வளைவைக் கொண்டுவரவேண்டும். முறிந்த கழுத்தோ அவ்வளவாக அசையாது. முதலில் கிறுக்கல்தான் வந்தது. சில வாரங்களில் அது எழுத்தாயிற்று, பின்னர் கடிதமாயிற்று. பின்னாளில் வாயிற் கவ்விய குச்சியால் கணிப்பொறியின் விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுதினார். நாட்டின் பாதுகாப்பு, அரசியல், அன்றாட நடப்பு ஆகியவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் பல. தம் விபத்தையும் அதன் பின் வந்த நாட்களையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றது. அதைப் படித்த மாணவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

அவர் எழுத்தில் எனக்குப் பிடித்தது அதன் மிடுக்கு. படிப்பவர் இரக்கத்தை அவர் கேட்பதில்லை. பாதுகாப்புத் துறையின் குறைகளைக் கண்டிக்கும்போது, பணியிலிருக்கும் அதிகாரியின் குரலே கேட்கிறது. எழுதியவர் அசைய இயலாதவர் என்பதைப் படிப்பவர் மறந்துவிடுகிறார். அதுவே அவர் விரும்பியது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் ஒரு கட்டுரை எழுதி முடிக்கும் வரையில், அந்தக் கணிப்பொறிக்கு இப்பால், எத்தனை கைகள் உழைத்தன என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். காலையில் ஒருவர் அவரைக் கழுவித் துடைத்தார்; ஒருவர் உடுத்தினார்; இருவர் தூக்கி நாற்காலியில் வைத்தனர்; ஒருவர் ஊட்டினார். மூக்கின்மேல் ஈ அமர்ந்தால் ஓட்டுவதற்கும் ஒருவர் வேண்டும். இரவில் அவர் உறங்கியபோது, உறங்காத ஒருவர் வந்து அவரைப் புரட்டிவிட்டார். இப்படி ஆயிரக்கணக்கான இரவுகள். இவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அனில் குமாரின் மனவலிமை வேலை செய்வதற்கு முதலில் அவர் உயிரோடு இருக்கவேண்டியிருந்தது; அதனை அந்தக் கைகள் பார்த்துக்கொண்டன. படை தன் அதிகாரிக்குப் பட்ட கடனை அங்கே தீர்த்தது.

அவ்வாறாயின், படையின் வாயிலுக்கு ஓரடி வெளியே விழுந்தவர் நிலை என்ன? தென்காசியை அடுத்த ஆயக்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி ஆவதற்கான தேர்வுக்கு பெங்களூர் சென்றார். உடல் திறனைச் சோதிக்கும் கடைசித் தேர்வில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்தது. அவருக்கும் கைகால்கள் இயங்கவில்லை. அவர் இன்னும் அதிகாரி ஆகவில்லை. ஆகவே ஓய்வூதியமும் இல்லை, கிர்க்கீயும் இல்லை. இராணுவ மருத்துவரான ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் அவருக்கு மருத்துவம் செய்து ஊக்கமும் ஊட்டினார். ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன், அந்த மருத்துவரின் பெயரால் 1981ஆம் ஆண்டில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சிற்றூர்களிலுள்ள உடற்குறையுற்ற சிறுவர்க்குக் கல்வியும் பயிற்சியும் அளிக்கும் பெரிய நிறுவனமாக அது வளர்ந்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கிர்க்கீ இல்லாதவர் தமக்கும் பிறர்க்குமாகத் தாமே ஒரு கிர்க்கீயைக் கட்டிக்கொண்டார் எனலாம். எல்லோர்க்கும் அது கூடுவதன்று.

கடக்வாஸ்லா போன்ற கழகங்களிற் பயிற்சியின்போதே அடிபட்டு வெளியேறிய மாணவர்களின் நிலையும் இதற்கு அண்மையதே. அதிகாரிப் பதவி பெறுவதற்கு முன் அடிபட்டமையால் அவர்களுக்கு முன்னாள் படையினர் என்னும் தகுதி கிடைக்கவில்லை. அத்தகுதியோடு வரும் மருத்துவ உதவியும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. 2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே அவர்களையும் முன்னாள் படையினர் மருத்துவத் திட்டத்தில் சேர்க்க அரசு முன்வந்தது. அனில் குமாரின் விபத்து நான்கைந்து ஆண்டுகள் முன்னதாக, கடக்வாஸ்லாவில் நேர்ந்திருந்தால், அவர் பெயரை நாம் கேள்வியே பட்டிருக்கமாட்டோம்.

இனி நம் சமவெளிக்கு வருவோம். பதான்கோட் போன்ற விமானத் தளம் இங்கே இல்லை, போர்முனையும் இல்லை. ஆனால் முதுகெலும்பு முறிவதற்கு வேண்டியவை நிறைய உண்டு. காவிரிக் கரையில் தென்னை. மேட்டு நிலங்களிற் பனை. வயல்தோறும் ஆழ்ந்த கிணறு. நாமக்கல்லிலிருந்து இந்தியாவின் நான்கு மூலைக்கும் ஓடும் லாரிகள்; திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள். பிழைப்புக்காக உயரத்தில் ஏறுவதும், ஆழத்தில் இறங்குவதும், இரவெல்லாம் வண்டி ஓட்டுவதும் இவ்வட்டாரத்து மக்களின் வழக்கம். இவர்களுக்கு வேண்டிய அறிவு எங்கோ இங்கிலாந்தில் மட்டும் இருந்ததுமில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்னும் பெண் மருத்துவர் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அறுபட்டு நடையிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தோன்றியது. எங்கள் அண்ணா விழுந்தபோது அந்த நிலையத்திற்கு ஏறத்தாழ இருபது வயது. மோகனூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் வேலூர் சேர்ந்துவிடலாம். போகச் சொல்வார் எவரும் இல்லை.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதிற் பேருந்து ஏறிக் கால் நசுங்கியவர். காய்கறி விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்தவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அதன்பின் டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். சேலத்துச் சிற்றூரில் அன்று வெடி வெடித்தார்கள். குட்மன் 1948இல் பதினாறு பேரை வைத்து விளையாடிய விளையாட்டு இந்தச் சமவெளிக்கு வந்துசேர அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அவர் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கு இங்குள்ள எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டதா என்று எனக்கு ஐயமுண்டு. பதக்கச் செய்தி ஓடும் வேகத்தில் பணிவிடைச் செய்தி ஓடுவதில்லை.

அனில் குமாருக்கு 2014ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் ஐம்பது வயது நிறைந்தது. அப்பொழுது அவரைப் பிடித்திருந்தது வேறொரு நோய், இரத்தப் புற்று. பதினைந்து நாள் கழித்து, மே 20ஆம் நாள் புனேயில் உயிர் நீத்தார்.

அவரைப் பற்றிப் படித்த பிறகு, ஒருமுறை ஊருக்குச் சென்றிருந்தபோது, அண்ணாவின் மனைவியைக் கண்டேன். முதுமையடைந்திருந்தார். கணவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட அந்த ஒன்பது மாதங்களைப் பற்றி அவராகவே பேசினார். காலையும் மாலையும் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாராம், தலை வாரிவிட்டாராம், சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினாராம். பிறகு சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "பெரட்டுனா நோகுமேன்னு பயந்து, ஒரு நாளும் அவர அசைக்காமயே வெச்சிருந்தனுங்க."